ஒரு சுண்டு என்றால் சுகம்

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். எனக்குக் கவலையில்லை. அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தது என் கை. உங்கள் கை அல்ல.

1979, ஐப்பசி மாதம். கிண்ணியாவுக்கு அப்பால், உப்பாற்றங்கரைச் சதுப்பு. பக்கத்துக் குடியேற்றத்துக்குக் கிணறு வெட்டலாமா என்று பார்க்கும் வேலை. சதுப்பின் நடுவே ஓர் இரும்புக் குழாய் இறக்கியிருந்தோம். குழாய்க்குள் தண்ணீர் வெளித் தண்ணீரைவிட உயர்ந்து நின்றால், நிலத்தடி நன்னீர் கடலுக்கு ஊறுகிறது. தாழ்ந்து நின்றால், கடல் நிலத்துக்குள் இறங்குகிறது. கடல் வற்று முடிந்து பெருக்கு ஏறி நிற்கும்வரை, கால் மணிக்கு ஒருதடவை அளக்க வேண்டும்.

அளப்பது மஹ்ரூப். இக்னேசியஸ் ஆகிய நான் கரையில் நின்று கயிறு பிடிப்பேன். மறுமுனை அவன் இடுப்பில். கண்டல் பற்றை ஆளை மறைத்துவிடும். கத்தினாலும் காற்றில் போய்விடும். ஆகவே கயிற்றால்தான் கதை. ஒரு சுண்டு சுண்டினால், 'சுகமா?' பதிலுக்கு ஒரு சுண்டு, 'சுகம்.' இரண்டு என்றால், 'வா.'

அன்று காலை அவன் மனைவி ஸாலிஹா வீட்டு வாசல் படலைவரை வந்தாள்.

"இவருக்கு நீந்த ஏலாது. கயித்த விட்டுடாதீங்க அண்ணன்."

"விடமாட்டன் தங்கச்சி."

மூன்று மணிக்குச் சுண்டினேன். பதில் வந்தது. மூன்றேகாலுக்கும் வந்தது. நாலு மணிக்குப் பெருக்கு ஏறத் தொடங்கியது. சேற்றுக்குள் சளக்... சளக்... என்று சத்தம்.

நாலரைக்குப் பதில் கொஞ்சம் பிந்தியது. ஆனால் வந்தது.

நாலேமுக்காலுக்குக் கயிறு தளர்ந்து தண்ணீரில் மிதந்தது. தளர்ந்த கயிற்றில் எப்படிச் சுண்டுவது? ஆனாலும் என் விரலில் இழுபட்டது. ஒருதடவை.

ஐந்து மணி. தண்ணீர் என் முழங்காலுக்கு வந்துவிட்டது. இரண்டு சுண்டினேன். வா.

ஒன்று வந்தது. சுகம்.

கழுதை, கடைசி அளவையும் எடுத்துவிட்டுத்தான் வருவான் என்று நினைத்தேன். கை விறைத்திருந்தது.

ஐந்தேகால். சுகம்.

ஐந்தரைக்கு, முகத்துவாரப் பக்கமிருந்து மீன்பிடிக்காரன் சரீப்பின் தோணி வந்தது.

"மஹ்ரூப் குழாயடியில நிக்கிறான். ஏத்திக்கொண்டு வாங்கோ" என்றேன். "சுகமாத்தான் இருக்கிறான்."

சரீப் தோணியில் கிடந்த பாயின் ஓரத்தைத் தூக்கினான்.

மஹ்ரூப். இடுப்பில் கயிறு இல்லை.

"எப்ப எடுத்தனீங்கள்?"

"நாலரை இருக்கும். முகத்துவாரத்துல மிதந்தாரு."

நான் அழவில்லை. அழுகை வரவில்லை. ஏனென்று தெரியாது... கயிற்றை ஒருதடவை சுண்டினேன்.

பதில் வந்தது.

நான் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். சரீப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கயிற்றை இழுத்தேன். லேசாக வந்தது. நுனியில் முடிச்சு அவிழாத வளையம். உள்ளே ஒன்றுமில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், சரீப் ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டுக்கு வந்தான். கதிரையில் உட்காரவில்லை.

"ஒண்டு செல்லணும். தோணியில மையத்த வளத்திக் கிடத்தின நேரத்திலிருந்து... அவர்ட வலது கை கால்மணிக்கு ஒருக்கா இழுபட்டிச்சு. உங்களுக்கிட்ட வந்து நிக்கக்குள்ளயும்."

"எத்தினை தரம்?"

"ஒவ்வொருக்காவும் ஒரு தரம்தான்."

ஸாலிஹா என்னிடம் கேட்டது ஒன்றுதான். கயிற்றை விட்டீர்களா என்று. விடவில்லை என்றேன்.

அவனும் விடவில்லை என்பதை நான் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.