மூடி மேல் எழுதும் நேரம்

போன சித்திரைக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் கொண்டுபோய்க் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டு ஒரு மனிதர் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தார். நம் எல்லையம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்ற வருகிற உங்களில் பாதிப் பேருக்கு இது அரைகுறையாகத் தெரியும். மீதியை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் என்னை நல்லவளாக்கிச் சொல்லிவிடுவார்கள்.

என் பெயர் மல்லிகா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் ஆறு வருஷம் பாத்திரம் கழுவினேன். கான்ட்ராக்ட் கைமாறியதும் எங்களை நிறுத்திவிட்டார்கள். என் கணவர் பழவேற்காட்டில் படகுக்குப் போகிறவர். ஏரியில் மீன் பட்டால்தான் வீட்டில் அடுப்பு எரியும். எனக்குச் சும்மா உட்கார்ந்திருக்க வராது. பைபாஸ் ஓரத்துச் சின்ன மெஸ்களில் சமைப்பதை வாங்கி, கம்பெனி கேட் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். ஒரு பழைய ஸ்கூட்டி, பின்னால் ஒரு பெட்டி, ஆர்டர் சொல்ல ஒரு வாட்ஸ்அப் குரூப். அவ்வளவுதான் என் கடை. முதலில் என்னை நம்பிச் சோறு கொடுத்தவள் வசந்தா அக்கா. எட்டு மாதத்தில் நாலு மெஸ், ஆறு கேட் என்று ஆகிவிட்டது. எனக்குத் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கேட்டுக்குள் எங்களை விடமாட்டார்கள். செக்யூரிட்டி அறைக்கு வெளியே ஒரு சிமென்ட் திட்டு இருக்கும். பார்சலில் பேர் எழுதி அதன்மேல் வைத்துவிட்டு வந்துவிடுவோம். சாப்பாட்டு மணி அடித்ததும் அவரவர் வந்து எடுத்துக்கொள்வார்கள். அதனால் மணி அடிக்கிற நேரத்தை ஒட்டித்தான் போய்ச் சேர வேண்டும். இது எனக்குத் தெரியாதது இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு புதுக் கம்பெனியில் பன்னிரண்டு மணிக்கு நாற்பது பார்சல் கேட்டார்கள். விட மனசு வரவில்லை. வழக்கமாகப் போகிற பழைய கேட்டு வேலையை முன்னாலேயே முடித்துவிடலாம் என்று பத்தரைக்கே வசந்தா அக்கா மெஸ்ஸில் போய் நின்றேன். சிக்கன் குழம்பு அப்போதுதான் இறங்கியிருந்தது.

"ஆவி அடங்கட்டும்டி, இரு. இன்னா அவசரம்?" என்றாள்.

"டைம் இல்லக்கா, கட்டிக் குடு" என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டியது, ஆவி போக வழியில்லை. கத்திரி வெயிலில், காய்ந்துகொண்டிருந்த அந்தத் திட்டின் மேல் பதினொரு மணிக்கு வைத்துவிட்டுப் புதுக் கம்பெனிக்கு ஓடினேன். அன்றைக்குப் பழைய கம்பெனியில் ஏதோ மெஷின் நின்றுபோய், மூன்று மணிக்குத்தான் ஆட்களைச் சாப்பிட விட்டிருக்கிறார்கள். பசியில் யார் மோந்து பார்ப்பார்கள்?

சாயங்காலத்துக்குள் மூன்று பேருக்கு வாந்தி, பேதி. இரண்டு பேர் மறுநாளே எழுந்துவிட்டார்கள். பிகாஷ் எழுந்திருக்கவில்லை. அவர் ஒடிசாக்காரர், வெல்டர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. "அக்கா, காரம் கம்மி" என்று தினமும் குரூப்பில் பேசி அனுப்புகிறவர். கிட்னி வரைக்கும் பாதித்துவிட்டது, சிறுநீரே பிரியவில்லை என்று டாக்டர் சொன்னதாகச் செய்தி வந்தது.

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து வசந்தா அக்கா மெஸ்ஸைப் பூட்டச் சொன்னார்கள். அதே குழம்பை மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னிடம் வந்து கேட்டாள்.

"மல்லிகா, நீ எடுத்துக்கினு போய் நேரா தானே குட்த்த?"

"ஆமாக்கா. சூடு கூட ஆறல."

சொல்லிவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

மூன்று நாள் அம்மன் முன்னால் வந்து நின்றேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள், கண்ணீராக விட்டுக்கொண்டிருந்தேன். பிகாஷுக்காக அழுகிறேன் என்று நினைத்து ஒரு அம்மா என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். நான் வேண்டியது என்ன தெரியுமா? "தாயே, பழி என் மேல வராம பாத்துக்கோ." அவ்வளவுதான். அந்த மனிதர் பேரைக்கூட நான் அம்மனிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் நடந்தது.

நாலாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் பேர் அடிபடுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். வார்டுக்கு வெளியே பிகாஷோடு ஒரே வாடகை அறையில் தங்கியிருக்கிற ரஞ்சன், பிகாஷின் போனை வைத்துக்கொண்டு நின்றார். வீடியோவில் பிகாஷின் மனைவி. மடியில் ஒரு பெண் குழந்தை, கையில் சோற்றுத் தட்டு. அம்மா ஊட்ட ஊட்ட அந்தக் குழந்தை வாயைத் திறக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் பிகாஷின் மனைவி ஒடியாவில் ஏதோ கேட்டாள்.

"இன்னா கேக்குது?" என்றேன்.

"அவன் என்ன சாப்ட்டான்னு கேக்குது அக்கா. யார் குடுத்தான்னு கேக்குது" என்றார் ரஞ்சன்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்கு வந்தேன். உச்சி வெயில், நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சொன்னேன். "நான்தாம்மா வெயில்ல வச்சிட்டுப் போனேன். பேராசை புடிச்சி வச்சிட்டுப் போனேன். பழி வரட்டும், ஜெயிலு வந்தாலும் வரட்டும். பிகாஷ் எழுந்து ஒக்காரணும். அந்தக் கொழந்த சாப்டணும். ஆடில உனக்குக் கூழ் ஊத்துறேன்." அன்றைக்குத்தான் முதல் தடவையாக வேண்டினேன் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து வசந்தா அக்கா வீடு. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை.

"மொத நாளே சொல்லி இருந்தா நாலு நாளா நான் ஒருவாய் சோறாவது துண்ணு இருப்பேன்டி. என் கையில தான் இன்னாவோ ஆயிடுச்சுன்னு இருந்தேன்" என்றாள்.

அதைவிட அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அன்றே அவளையும் கூட்டிக்கொண்டு போய் அதிகாரிகளிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரஞ்சன் போன் செய்தார். "அக்கா, யூரின் வந்துச்சு." ஒரு மனிதனுக்குச் சிறுநீர் பிரிந்ததற்காகக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பத்து நாளில் அவர் எழுந்து நடந்தார்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பிகாஷ் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறார். ஓவர்டைம் பார்க்க உடம்பு விடுவதில்லை. வசந்தா அக்கா மெஸ்ஸைத் திறந்துவிட்டாள், ஆனால் முன்போல வாய் நிறையப் பேசுவதில்லை. எனக்கு ஆறு கேட் இருந்த இடத்தில் இப்போது இரண்டுதான். மெஸ்ஸிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேருகிற இடத்துக்கு மட்டும்தான் எடுக்கிறேன். இப்போது கவர் கிடையாது, டப்பாதான்; சமைத்த நேரத்தை ஒவ்வொரு டப்பா மூடி மேலும் மார்க்கரால் எழுதுகிறேன். ஆள் வந்து கையில் வாங்காவிட்டால் பார்சலைத் திரும்ப எடுத்து வந்துவிடுகிறேன். "இன்னா மல்லிகா, ரொம்ப பேஜாரு பண்ற" என்று செக்யூரிட்டிக்காரர் சலித்துக்கொள்கிறார். சலித்துக்கொள்ளட்டும்.

ஆடி வந்தது. கோயில் வாசலில் கூழ் ஊற்றினேன், நீங்கள் எல்லாரும் குடித்தீர்கள். வசந்தா அக்கா வந்து வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். வரிசைக் கடைசியில் ரஞ்சனோடு பிகாஷ் நின்றிருந்தார். நடந்ததை நான் ஆஸ்பத்திரியிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். அப்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது சொம்பை நீட்டிக்கொண்டு எதிரில் நிற்கிறார். கரண்டியை அண்டாவுக்குள்ளேயே வைத்துவிட்டேன். ஊற்ற முடியவில்லை.

பக்கத்தில் கழற்றி வைத்திருந்த அண்டா மூடியை அவர் குனிந்து பார்த்தார்.

"டைம் எங்க அக்கா?" என்றார். மூடி மேல் நான் நேரம் எழுதுவது அவர் காதுக்கும் போயிருக்கிறது.

இடுப்பில் சொருகியிருந்த மார்க்கரை எடுத்து, மூடி மேல் கூழ் இறக்கிய நேரத்தை எழுதினேன். அவர் அதை நிதானமாகப் படித்தார். பிறகு மறுபடியும் சொம்பை நீட்டினார். அங்கேயே நின்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

உங்களிலும் யாராவது ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு அம்மன் முன்னால் அழுதுகொண்டிருக்கலாம். நான் மூன்று நாள் அழுதேன், அதனால்தான் சொல்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் கேளுங்கள். அவள் கைவிட மாட்டாள். வருகிற ஆடியிலும் கூழ் ஊற்றுகிறேன். வந்து குடியுங்கள், மூடியைப் பார்த்துவிட்டுக் குடியுங்கள்.