படத்துல வந்த கை

பஞ்சு எப்படி நூலாகுதுன்னு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுறது லேசான வேலைதான். படத்துல வர்ற ஆளையும் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டணும்னாத்தான் கஷ்டம். ஒங்க வேலையிலயும் அப்படி ஒருத்தர் இருப்பாரு. பாதி வேலையை நீங்க செஞ்சிருப்பீங்க, பாக்குறவங்க எல்லாம் அவரைப் பாத்துத்தான் சிரிப்பாங்க. அந்த மிச்சப் பாதிக்காரங்களுக்குத்தான் இதை எழுதுறேன்.

ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல நான் சைடர். ஓடுற மெஷின்ல அறுந்த நூலைச் சேக்குற ஆளு. பத்தாவது பாஸ் பண்ணதே ராத்திரிப் பள்ளிக்கூடத்துல. தொடக்கப் பள்ளிகளுக்குன்னு எங்க மில்லு பன்னெண்டு நிமிசப் படம் ஒன்னு எடுத்து, கூடவே ஒரு பெட்டியும் செஞ்சது. பெட்டிக்குள்ள பருத்திக்காய், கொட்டை, பஞ்சுத் திரி, நூல், பேண்டேஜ் துணி. இதைத் தூக்கிக்கிட்டுப் போக ரெண்டு பேரு: நானு, பேக்கிங் செக்‌ஷன் ஜெயசீலன். மூணு மாசம் கழிச்சு ஒருத்தர் போதும், நீங்க கொண்டுபோற நோட்டுல டீச்சர்மாரு எழுதுறதை வச்சு ஆளை முடிவு பண்ணுவேன்னு மேனேஜர் முதல் நாளே சொல்லிட்டாரு. எனக்கு அந்த வேலை வேணும். மில்லுக்குள்ள நான் ‘ஏலே மாரியப்பா’. பள்ளிக்கூட வாசல்ல கால் வச்சா ‘வாங்க சார்’. அம்புட்டுதான் காரணம்.

முகம் தேடுன கேமராமேன்

படம் எடுக்க மதுரையிலருந்து வந்தவங்க மில்லு முழுக்கச் சுத்தி ஜெயசீலனைத்தான் பிடிச்சாங்க. சிரிச்சா கன்னத்துல குழி விழும். ஆனா பயலுக்கு நூல் சேக்கத் தெரியாது. பெட்டி ஒட்டுறவனுக்கு எப்படித் தெரியும்? அவன் தொடுற நூலெல்லாம் அறுந்துச்சு. மத்தியானம் வரைக்கும் முயற்சி பண்ணிட்டு, பொறவு என்னைக் கூப்பிட்டாங்க. ஜெயசீலனோட முழுக்கைச் சட்டையைக் கழட்டி எனக்கு மாட்டி விட்டாங்க. வேர்வை ஈரத்தோட இருந்துச்சு.

நான் ஒரு தொடு தொட்டேன், நூல் ஒட்டிக்கிச்சு. கேமராமேன் ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு: “அண்ணே, கை அருமையா இருக்கு. முகம் மட்டும் உள்ள வந்துராமப் பாத்துக்கோங்க.”

செட்டியார்பட்டி

முதல் பள்ளிக்கூடம் செட்டியார்பட்டியில. வகுப்பறையில சன்னலை எல்லாம் சாத்தி, கோணிச்சாக்கு தொங்கவிட்டு இருட்டாக்கி, ப்ரொஜெக்டரைத் தூக்கிட்டு வந்து வயர் மாட்டுனது நானு. படத்துல நூல் சேக்குற இடம் வந்தப்ப பிள்ளைக “ஆ”ன்னு வாயைப் பொளந்துச்சுக. எனக்கு நெஞ்சு நிமுந்துச்சு. படம் முடிஞ்சு சன்னலைத் திறந்ததும் அம்புட்டுப் பிள்ளைகளும் ஜெயசீலன் கையைப் பிடிச்சுப் பாக்க ஓடுச்சுக. அவனும் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கான்.

நான் வயரைச் சுருட்டிக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது படிக்கிற ஒரு பிள்ளை மட்டும் எங்கிட்ட வந்து நின்னுச்சு. சரி, ஒரு பிள்ளையாச்சும் வந்துச்சேன்னு குனிஞ்சேன். அது கேட்டது: “மாமா, நீங்க அந்த சாரோட டிரைவரா?”

புழு

பெட்டியில சாமான் அடுக்குறது என் பொறுப்பு. மகாராஜபுரத்துக்குப் போற அன்னிக்கு அவசரத்துல மில்லு கோடவுன்ல கிடந்த பருத்திக்காயை அப்படியே அள்ளிப் போட்டுட்டேன். விவசாயக்காரங்க பிள்ளைக படிக்கிற இடம்னு யோசிக்கல. மூணாவது படிக்கிற பொண்ணு ஒன்னு காயைத் திருப்பிப் பாத்துட்டு, இதுல புழு விழுந்திருக்கு, எங்க வீட்டுல இதைத் தனியாப் பொறுக்கிப் போட்டுருவாங்கன்னு சொல்லிருச்சு. எனக்கு வேர்த்துருச்சு.

ஜெயசீலன் அசரல. குழி விழச் சிரிச்சான். “சபாஷ், இதை யாரு கண்டுபிடிக்கிறான்னு பாக்கத்தான் வச்சோம்”னு சொல்லி, வகுப்பு முழுக்கக் காயைக் கொடுத்துப் புழு தேட விட்டுட்டான். என்னையக் காப்பாத்துனதும் அவன்தான், பேரை எடுத்துக்கிட்டதும் அவன்தான். எதுக்கு முதல்ல கோபப்படணும்னே எனக்குத் தெரியல. பெரிய டீச்சர் நோட்டுல அவன் பேரைப் போட்டு ஒரு பக்கம் எழுதிட்டு எங்கிட்டச் சொன்னாங்க: “இப்படி ஒரு முறையை எங்க பயிற்சியில கூடச் சொல்லித் தரல சார். நீங்களும் அவர்கிட்டக் கேட்டுப் பழகிக்கோங்க.”

ஸ்ரீவில்லிபுத்தூர்ல நான் செஞ்ச வேலை

இதைச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. கையால சுத்துற குட்டி மெஷின் ஒன்னும் எங்க மில்லுல செஞ்சு வச்சிருந்தாங்க. நூல் சுத்துற கதிரு நாலு, நூல் ஓடும், நிசமாவே அறுக்கலாம், சேக்கலாம். கனமா இருக்கு, வேண்டாம்ணேன்னு ஜெயசீலன் ஒவ்வொரு தடவையும் விட்டுட்டு வருவான். மூணு மாசம் முடிய நாலு நாள் இருந்துச்சு. நான் அதை வண்டியில ஏத்தி, சாக்கைப் போட்டு மூடிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்துல அவன் கைகழுவப் போன நேரம் டீச்சர்கிட்ட, படத்துல வர்ற சார் இன்னிக்கு நேர்லயே நூல் சேத்துக் காட்டுவாருன்னு சொல்லி வச்சேன்.

படம் ஓடுற இருட்டுல மெஷினைக் கொண்டாந்து மேசை மேல வச்சுட்டேன். படம் முடிஞ்சுச்சு. டீச்சர் கூப்பிட்டாங்க. ஜெயசீலன் மெஷினைப் பாத்தான், என்னையப் பாத்தான். ஒருக்கா தொட்டான், அறுந்துச்சு. ரெண்டு, மூணு. பிள்ளைக சிரிக்க ஆரம்பிச்சுச்சுக. செத்த நேரம் எனக்கு அவ்வளவு சந்தோசம். பொறவு அவன் கையைத் துடைச்சுக்கிட்டு வகுப்பைப் பாத்துச் சொல்றான், எனக்கு இது தெரியாது, படத்துல வந்த கை இந்த அண்ணனோடது, அவரு செய்வாரு பாருங்கன்னு.

நான் போய்ச் சேத்தேன். தொட்டதும் ஒட்டிக்கிச்சு. பிள்ளைக கை தட்டுச்சுக. அப்ப முன்வரிசைப் பையன் எழுந்து, நான் மூணு மாசமா யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு காத்துக்கிட்டிருந்த கேள்வியைக் கேட்டான்: அப்ப நீங்க படத்துல என்ன சார் செஞ்சீங்க? ஜெயசீலன் கொஞ்சமும் யோசிக்காமச் சொன்னான்: “நான் சிரிச்சேன் தங்கம்.” எனக்குத் தட்டுனதை விட அதுக்குத்தான் சத்தமாத் தட்டுனாங்க.

நோட்டு

மேனேஜர் நோட்டைப் புரட்டுனாரு. பக்கத்துக்குப் பக்கம் ஜெயசீலன். என் பேரு ஒரே இடத்துல, ஸ்ரீவில்லிபுத்தூர்ல. எனக்குத் திரும்ப மில்லுக்குள்ள ரிங் பிரேம் மெஷின்தான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா அவரு என்னையத்தான் பள்ளிக்கூட வேலையில இருக்கச் சொன்னாரு. ஜெயசீலன் முந்தின நாளே அவரைப் பாத்து, வேலை தெரிஞ்ச ஆளு அண்ணன்தான், அவரை அனுப்புங்கன்னு சொல்லிட்டானாம். இதையும் அவன்தான் கொடுக்கணுமா?

வெளிய வந்து, மெஷினை ஏத்துனது நான்தான்டான்னு சொல்லிட்டேன். அவன் பேக்கிங் பக்கம் நடந்துக்கிட்டே சொன்னான்: “தெரியும்ணே. சாக்கைப் போட்டு மூடுனீங்கள்ல, அந்தச் சாக்கு எங்க செக்‌ஷன் சாக்கு.”

தனியா

இப்ப நான் ஒத்தையில போறேன். போன வாரம் ராஜபாளையத்துலயே ஒரு பள்ளிக்கூடம். வாங்க சார்னாங்க, நாற்காலி போட்டாங்க. படம் முடிஞ்சதும் பிள்ளைக எல்லாம் வாசலைப் பாத்துச்சுக. படத்து சார் வரலையான்னு ஒரு பையன் கேட்டான். நான் நிதானமா, படத்துல மாதிரியே முழுக்கைச் சட்டைப் பொத்தானைப் போட்டு, ரெண்டு கையையும் நீட்டி, படத்துல நூல் சேத்த கை இதுதான்னு காட்டினேன். எழுந்து வந்து என் விரலை ஒவ்வொன்னாப் பாத்தான். திரும்பித் திரையைப் பாத்தான். ஒத்துக்கிட்டான்.

“சரி சார், கை வந்திருச்சு”ன்னான். “முகம் எப்ப வரும்?”

பன்னெண்டு நிமிசப் படத்துல நாலு செகண்டு வர்ற ஒரு கை, கன்னத்துல விழுற ஒரு குழியைப் பாத்து எத்தனை நாளைக்குத்தான் பொறாமைப்படும்னு கேட்டா, ஆசைப்பட்ட வேலை கிடைச்ச பொறவும் அது இன்னும் முடிஞ்சபாடில்ல.