கைராசிக்காரரின் லாகின்

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு அருகில், ஒரு மருந்துக்கடை மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். வெளிநாட்டில் யாரோ கட்டப்போகும் வீடுகளுக்கு நாங்கள் நான்கு பெண்கள் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறோம். அவற்றில் ஒன்றில்கூடப் பூஜை அறை இல்லை என்பது எங்கள் மேனேஜருக்குத் தீராத வருத்தம்.

மேனேஜர் கைராசிக்காரர். ஊர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, அவர்தான் சொன்னார். கடைகளில் முதல் போணிக்கு ராசியான கையைத் தேடுவார்கள் அல்லவா, அதுபோல எங்கள் கம்ப்யூட்டர்களைத் தினமும் அவர்தான் திறந்து வைக்க வேண்டும். ராகுகாலம் பார்த்து, ரூட்டருக்குக் கற்பூரம் காட்டி, ஒவ்வொரு மேசையாக வந்து, வரையும் மென்பொருளில் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டுவார். பிறகு தன் அறைக்குப் போய், கைப்பேசியில் யாருக்காவது மனை விற்றுக்கொண்டிருப்பார். நாங்கள் மாலைவரை அவர் பெயரிலேயே வேலை செய்வோம்.

எங்களுக்கும் தனித்தனி லாகின் உண்டு. வேலைக்குச் சேர்ந்த அன்றே சென்னை தலைமை அலுவலகம் கொடுத்தது. ஒருமுறை என்னுடையதைப் போடப் போனேன்.

"தொறந்த கடைய யாராவது மூடிட்டுத் தொறப்பாங்களாம்மா?" என்று அதட்டினார். விட்டுவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். தொண்டூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் என் நைனா, பேருந்தில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், "எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல வூடு கட்டுது" என்பார். "கட்டி முடிச்சா சொல்லு, பால் காய்ச்ச வரோம்" என்று நக்கலடிப்பார் பெரியப்பா. நான் இந்த வேலையை இழக்கும் நாளுக்காக அவர் காத்திருந்தார். அந்த நாளை அவருக்குக் கொடுப்பதாக எனக்கு எண்ணமே இல்லை.

ஒரு வியாழக்கிழமை சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. வரையும் மென்பொருளை லைசென்ஸ் மேலாண்மைத் தளம் ஒன்றோடு இணைக்க வேண்டும். யார் பெயரில் எவ்வளவு வேலை நடக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். இணைத்த பிறகு ஒரு வாரம் தொடாத லாகினைத் தானே பறித்துக்கொள்ளும்.

"நீதான் படிச்ச பொண்ணாச்சே, நீயே போடு" என்றார் மேனேஜர். தான் பட்டதாரி என்பது அன்று மட்டும் அவருக்கு மறந்துவிட்டது. வரையும் மென்பொருள் கொடுத்த நீளமான சாவி எழுத்துகளை நகலெடுத்துத் தளத்தில் ஒட்டினேன். கேட்ட இடங்களில் அனுமதி கொடுத்தேன். இணைப்பவரே இந்தக் கிளையின் நிர்வாகி என்று தளம் சொன்னது. சம்மதித்தேன். மேனேஜர் சென்னைக்குப் போன் செய்து, "இணைச்சுட்டேன் சார்" என்றார்.

மறுநாள் தளம் திறந்தது. அவர் பெயர் மட்டும் பச்சை. எங்கள் நான்கு பெயர்களும் சிவப்பு. இங்கே சேர்ந்ததிலிருந்து நாங்கள் ஒரு கோடுகூடப் போட்டதில்லையாம்.

சென்னை மேலதிகாரி போனில் வந்தார். மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார், பாராட்டு என்று எப்படியோ மோப்பம் பிடித்திருந்தார்.

"ஒரே ஆள் நாலு ஆள் வேலை செய்யறீங்களே, எப்படி சார்?"

"எல்லாம் ஆண்டவன் புண்ணியம் சார்."

"அந்த நாலு பேர் லாகினும் அடுத்த வெள்ளிக்கிழமை போயிடும். அப்புறம் அவங்களுக்கு அங்க என்ன வேலை? நீங்க அதுக்கடுத்த வெள்ளி பதினொரு மணிக்கு எல்லா கிளைக்கும் ஒரு வகுப்பு எடுங்க. வரைபடத்தைத் திறந்து, நீங்களே வரைஞ்சு காட்டுங்க."

போனை வைத்ததும் கேட்டேன். "சார், அது நாங்க போட்டதுன்னு சொல்லலாம்ல?"

"இன்னாம்மா அதுக்குள்ள டென்ஷன் ஆவுற? நல்ல நாள் பாத்துப் பேசுறேன்."

பஞ்சாங்கத்தில் எங்களுக்கான நல்ல நாள் அச்சாகவில்லை என்று புரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது வரை. அதனால் அவர் ஒன்பதுக்கு முன்னால் வரமாட்டார். நான் எட்டரைக்கே வந்தேன். மற்ற மூவரையும் வரச் சொல்லியிருந்தேன். பக்கத்து மேசை அக்கா கையைப் பிசைந்தாள்.

"ராவு காலத்துலயாடி?"

"ராவு நம்மள பாக்காது அக்கா. சென்னைதான் பாக்குது. உன் லாகின போடு."

போட்டாள். சன்னலுக்கு வெளியே கோட்டை மலை அப்படியே நின்றது. ஒரு பாறைகூட உருளவில்லை.

ஒன்பதுக்கு மேனேஜர் கற்பூரத்தட்டோடு வந்தார். நான்கு திரைகளிலும் பாதி வீடு எழும்பியிருந்தது.

"யாரு தொறந்தது? மூடு மூடு!"

"தொறந்த கடைய யாராவது மூடிட்டுத் தொறப்பாங்களா சார்?" என்றேன்.

அக்கா இருமுவதுபோல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மேனேஜர் ரூட்டருக்கு மட்டும் கற்பூரம் காட்டிவிட்டு அறைக்குப் போனார். மறுநாளிலிருந்து நாங்களே திறந்தோம். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் நான்கு பெயர்களும் பச்சையாகியிருந்தன.

அவருக்குத் தன் மேசையில் லாகின் போடும் பழக்கமே கிடையாது. திறந்து வைப்பதுதானே அவர் வேலை, வரைவது இல்லையே. அதற்கடுத்த வெள்ளி, வகுப்புக்காக முதல்முறையாக அவர் தன் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினார். ஒரு வாரத்துக்கு மேல் தொடாத பெயருக்கு உரிமம் இல்லை என்றது. தளம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தது.

வேர்த்துப்போய் என் மேசைக்கு வந்தார்.

"இன்னாம்மா இது? பதினொன்னுக்கு எல்லா கிளையும் வந்து உக்காந்துடுவாங்க. உன் லாகின கொஞ்சம் குடேன்."

"ஒருத்தர் லாகின்ல இன்னொருத்தர் வேலை செஞ்சா தப்பா காட்டும் சார். உங்க பேர்ல விண்ணப்பம் போடுங்க. கிளை நிர்வாகி ஒப்புதல் குடுத்தா உடனே வந்துடும்."

"யாரு நிர்வாகி?"

"நான்தான் சார்."

அறைக்குப் போய் விண்ணப்பித்தார். என் திரையில் அவர் பெயரும், பக்கத்தில் ஒப்புதல் பொத்தானும் வந்து நின்றன. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தே முக்கால்.

"போட்டுட்டேம்மா, அமுக்கு!" என்று அறையிலிருந்து கத்தினார்.

"வெள்ளிக்கிழமை சார்," என்றேன். "பத்தரையிலேர்ந்து ராகுகாலம். பன்னண்டு ஆவட்டும்."