மாமாவின் ஏழு நாட்கள்

மாமாவைப் பற்றி யார் விசாரித்தாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது: "சும்மாதான் இருக்கான்."

மாமா அம்மாவின் தம்பி. ஐ.டி.ஐ. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, குடவாசலுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். ஆனால் சும்மா இருக்கிறவரை வீட்டில் பார்ப்பதுதான் அரிது. விடிந்தால் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். மாமா ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் பைக்கில் ஏறிப் போய்விடுவார். எங்கள் ஊர்ப் பேச்சில் வேலை என்றால் அதற்கு ஓர் அலுவலகம் வேண்டும், அல்லது ஒரு கம்பெனி வேண்டும், குறைந்தது ஒரு விமான டிக்கெட்டாவது வேண்டும். ஸ்பானர் பை அதில் சேராது. நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்கு மாமா மேல் வேறு ஒரு வழக்கு இருந்தது.

பொங்கல் முடிந்ததும் சைக்கிள் ஓட்டக் கற்றுத் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். தினமும் பள்ளிவிட்டு வந்து சைக்கிளைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். தினமும் ஒரு காரணம் வரும். எதையும் வரிசையாக எழுதி வைக்காவிட்டால் எனக்கு அப்போதே தூக்கம் வராது. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, 'நாள்' என்று ஒரு பத்தியும் 'மாமா சொன்ன காரணம்' என்று ஒரு பத்தியும் பிரித்து எழுதத் தொடங்கினேன். ஒரு வாரம் சேர்ந்ததும் அம்மாவிடம் ஒப்படைப்பதாகத் திட்டம்.

அந்த வாரக் கடைசியில்தான் கணக்கெடுப்பவர் ஊருக்குள் வந்தார். மெலிந்த இளைஞர், கழுத்தில் அடையாள அட்டை, தோள்பையில் தலையணை கனத்துக்குப் படிவங்கள். மத்திய அரசின் தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்பு அமைச்சகத்துக்காக, யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று வீடு வீடாக எழுதிக்கொண்டு போகிறவர். அவர் வாயிலிருந்து 'வேலைவாய்ப்பு' என்ற சொல் வந்த அரை மணி நேரத்தில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

அப்பாவுக்கு டீ வாங்கத் தூக்குவாளியோடு கடையில் நின்றிருந்ததால் நான் அதைக் கண்ணால் பார்த்தேன். டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, "எனக்கு வேலை இல்லைன்னு போட்டுக்குங்க சார்" என்றார்.

"அப்ப கையில இருக்கிறது என்னங்க?"

"இதுவா? பொழுது போகணும்ல."

பெஞ்சில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரரும் எழுந்து வந்தார். "என் பேரையும் சேத்துக்குங்க தம்பி. டெல்லியிலேர்ந்து ஆர்டர் வந்தா நான் என்ன, வரமாட்டேன்னா சொல்லப்போறேன்?"

கணக்கெடுப்பவர் பொறுமைசாலி. "ஐயா, நான் வேலை குடுக்க வரலை. எத்தனை பேருக்கு வேலை இருக்கு, எத்தனை பேருக்கு இல்லை, இருக்கிறது என்ன மாதிரி வேலைன்னு தெரிஞ்சாத்தானே, எங்க பயிற்சி ஆரம்பிக்கணும், யாருக்குச் சட்டம் போடணும்னு அமைச்சகத்துல முடிவு பண்ண முடியும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். இங்க ஒண்ணு ஆரம்பிங்க" என்றார் டீக்கடைக்காரர்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமாவைப் பார்க்கப் பெண் வீட்டார் வருவதாக இருந்தது. அதற்கு முன் மூன்று இடங்கள் கூடிவந்து கலைந்திருந்தன. மூன்றுக்கும் காரணம், பையன் சும்மா இருக்கிறான் என்பதுதான். நாலாவதையும் விடுவதாக அம்மா இல்லை. பையன் கோயமுத்தூரில் கம்பெனி வேலையில் இருப்பதாகவும், இப்போது லீவில் வந்திருப்பதாகவும் சொல்லி அனுப்பிவிட்டாள்.

"அக்கா, நான் கோயமுத்தூர் பஸ் ஸ்டாண்டைக்கூடப் பாத்ததில்லை" என்றார் மாமா.

"பாக்கலைன்னு அவங்ககிட்ட யாரு சொல்லப்போறா? நீ வாயைத் திறக்காம உக்காரு, போதும். முதல்ல அந்தக் கையைக் கழுவுடா, கம்பெனிக் கை மாதிரியா இருக்கு?"

மண்ணெண்ணெய் போட்டு, சோப்புப் போட்டு, எலுமிச்சைத் தோல் வைத்துத் தேய்த்தும் நகக்கண்ணில் இருந்த கிரீஸ் போகவில்லை. கையை மடிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லி உத்தரவானது.

பத்து மணிக்குக் காரில் இரண்டு பேர் வந்தார்கள். பெண்ணின் அப்பா, அவருடைய அக்கா. பெண்ணின் அப்பா அதிகம் பேசவில்லை. இருவருக்கும் சேர்த்து அக்காவே பேசினார். அம்மா வடையும் காபியும் கொண்டுவந்து வைத்தாள். என் அப்பா அறுவடையைப் பற்றி ஆரம்பித்தார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது வாசலில் டி.வி.எஸ். வண்டி நின்றது.

வேலை நாட்களில் போனால் வேலை செய்கிறவர்கள் வீட்டில் அகப்படமாட்டார்கள் என்பதற்காகவே கணக்கெடுப்பவர் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தார். எங்கள் வீடு அவருடைய பட்டியலில் விழுந்திருந்தது.

"விருந்தாளிங்க வந்திருக்காங்க சார், அப்புறமா வாங்களேன்" என்று அம்மா எழுந்து ஓடினாள்.

பெண்ணின் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதுக்குங்க அவரை அனுப்புறீங்க? கவர்மெண்டு வேலையா வந்திருக்காரு. எழுதட்டும், நாங்களும் கேட்டுக்கறோம்."

அப்பாவுக்கு விவசாயம் என்று எழுதியாயிற்று. என் முறை வந்தபோது "படிக்கிறேன்" என்று நானே சொன்னேன். பிறகு மாமா. அம்மா கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, "கோயமுத்தூர்ல கம்பெனி" என்றாள்.

"எத்தனை மாசமா அங்க இருக்காரு?"

"அது… ஒரு வருஷம் இருக்கும்."

"அப்ப இந்த வீட்டு ஆளா அவரை எழுத முடியாதும்மா. பாதி வருஷத்துக்கு மேல வெளியூர்ல தங்கினா அந்த ஊர்க் கணக்குலதான் வருவாரு. இங்க பேரை அடிச்சிடறேன்."

"அடிக்கிறதா!" என்றாள் அம்மா.

பேனா மாமாவின் பெயரை நோக்கி இறங்கியது. அடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பள்ளியில் பதிவேட்டில் பெயரை அடித்தால் அந்தப் பிள்ளை மறுநாளிலிருந்து வராது. அதுதான் என் அனுபவம். "மாமா எங்கயும் போகலை சார்!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடி ரஃப் நோட்டை எடுத்துவந்து கணக்கெடுப்பவர் மடியில் வைத்தேன். "தினமும் இங்கதான் இருந்தாரு. கிழமை போட்டு எழுதியிருக்கேன்."

அவர் நோட்டைப் பார்த்தார், தன் படிவத்தைப் பார்த்தார். அவருடைய படிவத்தில் 'கடந்த ஏழு நாட்களில் ஒவ்வொரு நாளும் என்ன செய்தார்' என்று ஒரு கேள்வி உண்டாம். அதற்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொன்னதே இல்லை என்று சொல்லிவிட்டு, மகிழ்ச்சியோடு வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்.

"ஞாயிறு: கீழத்தெருவில் போர் மோட்டார் கருகிவிட்டதாம். திங்கள்: அதற்குக் காயில் சுற்றினாராம். செவ்வாய்: அறுப்பு மிஷின் சேற்றில் இறங்கிவிட்டதாம். புதன்: அதே மிஷினுக்குச் செயின் வாங்கக் கும்பகோணம் போனாராம். வியாழன்: டிராக்டர் டிரைவர் வரவில்லையாம், மாமா ஓட்டினாராம். வெள்ளி: மிக்சி மூன்று, கிரைண்டர் ஒன்று. சனி: கோயில் மைக் செட்டாம்."

ஒவ்வொரு 'ஆம்'மிலும் என் அவநம்பிக்கையைச் சேர்த்து எழுதியிருந்தேன். அவர் அதையும் விடாமல் படித்தார்.

"மிக்சிக்குக் கூலி வாங்கினாரா பாப்பா?"

"பரங்கிக்காய் குடுத்தாங்க."

அதற்கும் படிவத்தில் ஏதோ ஓர் எண் இருந்தது. போட்டுக்கொண்டார். "ஒருநாள்கூட விடாம வேலை பாத்திருக்காரும்மா. சுயதொழில்னு போடறேன்." எங்கள் வீட்டில் வருடக்கணக்காக யாருக்கும் தோன்றாத ஒன்றை, அந்த அமைச்சகத்தின் படிவம் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் அதைக் கொண்டாடுகிற நிலையில் யாரும் இல்லை.

"ஏங்க, கோயமுத்தூர் கம்பெனின்னாங்க?" என்றார் பெண்ணின் அத்தை. "அங்கேருந்து தினம் வந்து மிக்சி பாத்துட்டுப் போறாரா?"

அம்மாவின் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் பாவமும் சேர்ந்து வரும். மாமா எழுந்து நின்றார். மடியில் ஒளித்திருந்த கை வெளியே வந்தது.

"கம்பெனியெல்லாம் இல்லைங்க. எங்க அக்கா ஆசைக்குச் சொல்லிடுச்சு. நான் இங்கதான் இருக்கேன். பாப்பா எழுதினது எல்லாம் நெஜம்." என் பக்கம் திரும்பினார். "சைக்கிள் கத்துத் தராதது உட்பட."

பெண்ணின் அப்பா, கணக்கெடுப்பவரிடமிருந்து நோட்டை வாங்கினார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு படித்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பாப்பா, இந்த ஏழு நாளும் மாமா ராத்திரி எங்க சாப்பிட்டாரு?"

"வீட்டுலதான்."

"ஏழு நாளுமா?"

"ஆமா. லேட்டாகும், ஆனா வந்துடுவாரு. செவ்வாய்க்கிழமை ஒடம்பெல்லாம் சேறு. அம்மா உள்ள விடலை. கொல்லைக் குழாயில குளிச்சுட்டு வந்துதான் சாப்பிட்டாரு."

அவர் நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். கணக்கெடுப்பவரைப் பார்த்து, "இதையும் எழுதிக்கிட்டீங்களா சார்?" என்றார்.

"இதுக்குக் கட்டம் இல்லீங்களே" என்று அவர் சங்கடத்தோடு சிரித்தார்.

"பரவாயில்லை" என்ற பெண்ணின் அப்பா, அம்மாவிடம் திரும்பி, "இன்னொரு காபி கிடைக்குமாங்க?" என்று கேட்டார். அவருடைய அக்கா ஒரு நிமிடம் தம்பியையே பார்த்துவிட்டு, "எனக்கும் அரை டம்ளர்" என்றார். இரண்டாவது காபி கேட்டால் சம்மதம் என்று அர்த்தமாம். அம்மா சமையலறையில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது எனக்கு அது தெரியவில்லை. நோட்டுக்காகத்தான் அடி விழப்போகிறது என்று பயந்துகொண்டிருந்தேன். வந்தவருக்குச் சாப்பாட்டு நினைப்பு ரொம்ப அதிகம் என்று மட்டும் முடிவுசெய்தேன். கல்யாணத்தைப் பற்றிப் பேச வந்து, ராத்திரிச் சாப்பாட்டை விசாரிக்கிற மனுஷர்!

வைகாசியில் கல்யாணம் நடந்தது. என் பட்டியல்தான் கல்யாணத்தை முடித்து வைத்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொறியியல் படித்து, பிறர் தரும் விவரங்களைக் கட்டங்களில் அடைக்கிற வேலைக்கு நான் வந்த பிறகு, ஒரு விடுமுறையில் மாமாவைக் கட்டிக்கொண்டு வந்த அத்தை பழைய ஆல்பத்தை எடுத்துப் போட்டார். அவருடைய சின்ன வயதுப் பிறந்தநாள் படங்கள். பழக்கதோஷத்தில் எண்ணினேன். பதினோரு படங்கள். இரண்டில்தான் அவருடைய அப்பா இருந்தார்.

"அப்பா வெளிநாட்டுல இருந்தாரு. லீவுக்கு வர்றப்பதான் பாப்போம்" என்றார் அத்தை. "அதான் நான் சொல்லிட்டேன், கம்பெனியும் வேணாம் வெளிநாடும் வேணாம்னு. கோயமுத்தூர் மாப்பிள்ளைன்னதும் ஜாதகத்தைத் திருப்பிக் குடுத்துட்டு வரத்தான் அன்னிக்குக் கிளம்பினாங்க. ஆனாலும் மனசு கேக்காம, வாசல்ல கார் ஏறுறப்ப நான்தான் போய் நின்னேன். மத்தது எதுவும் வேணாம்ப்பா, ராத்திரி சாப்பாட்டுக்கு எங்க இருப்பாருன்னு மட்டும் கேட்டுட்டு வாங்கன்னேன்."

மகள் கொடுத்தனுப்பிய கேள்வியைத்தான் அவர் அன்று அந்த ஏழு வரிகளையும் படித்து முடிக்கும்வரை வைத்திருந்து கேட்டிருக்கிறார். "ஏழு நாளுமா?" என்றபோது அவருடைய குரல் பாதியில் நின்றுபோனது. வடை தொண்டையில் அடைத்துக்கொண்டது என்று நினைத்து, நான் உள்ளே ஓடிப்போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அவர் மறுக்காமல் வாங்கி, முழுவதையும் நிதானமாகக் குடித்தார்.