கழித்துப்போட்ட முத்துமாலை

பேரிங்குக்குப் போகும் இரும்புக் குண்டுகளைச் சரிபார்ப்பதுதான் பதினேழு வருஷமாக ஓசூரில் எனக்கு வேலை. ஒரு குண்டு இன்னொன்றைவிட மயிரிழை பெரிதாக இருந்தாலும் கழித்துப்போடுவேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்வார். எனக்கும் அந்தத் திமிர் உண்டு. அந்தத் திமிரோடுதான் அம்மாவின் முத்துமாலைகளையும் பார்த்தேன்.

அம்மாவிடம் இரண்டு மாலைகள் இருந்தன. ஒன்றை ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கும் போடுவாள், பேரிகை ஊர்ச் சந்தைக்கும் போடுவாள். அது வேர்வையில் மங்கி, பழுப்பேறிக் கிடந்தது. இன்னொன்று பீரோவுக்குள் சிவப்பு வெல்வெட் டப்பாவில் பளபளவென்று இருந்தது. அதை அவள் போட்டு நான் பார்த்ததே இல்லை. அப்பா ராயக்கோட்டையிலிருந்து தக்காளி லாரி ஓட்டியவர். ஹைதராபாத் போனபோது நல்ல முத்து ஒரு மாலை வாங்கி வந்தார், மற்றது போலி என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அது எந்த மாலை என்று அவர் உயிரோடு இருந்தவரை கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

கடைசி இரண்டு வருஷம் அம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டாள். தங்கை கார்மெண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு உடனிருந்தாள். பீ மூத்திரம் அள்ளியது அவள். நான் ஷிப்ட் முடிந்து வந்து, கொஞ்ச நேரம் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறவள். பேச்சு குழறத் தொடங்கிய நாட்களில் அம்மா ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னாள். "நல்ல முத்து சின்னவளுக்கு." நாங்கள் இருந்தது வாடகை வீடு, நிலம் நீச்சு ஒன்றும் கிடையாது. தன்னைப் பார்த்துக்கொண்ட மகளுக்குக் கொடுக்க அவளிடம் அது ஒன்றுதான் இருந்தது.

அம்மா இறந்த அன்று உடம்பிலிருந்த தங்கத்தைக் கழற்றினோம். பெட்டியை மூடும் முன்பு கழற்றிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் ஆரம்பித்தாள். "கழுத்து மொட்டையா கெடக்குதே. கவரிங் கிவரிங் இருந்தா போட்டு அனுப்புங்க."

"அந்தப் போலி முத்தப் போட்டுரலாம்" என்றேன்.

"எந்த மாலக்கா போலி?" என்று தங்கை கேட்டாள்.

இரண்டு மாலைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து விரலால் உருட்டிப் பார்த்தேன். டப்பாவில் இருந்த மாலையில் எல்லாம் ஒரே அளவு, ஒரே உருண்டை, ஒரு புள்ளி கிடையாது. அம்மா போட்ட மாலையில் ஒன்று லேசாக முட்டை வடிவம், இன்னொன்றில் ஊசி குத்தியதுபோல் குழி, நிறமும் ஒன்றுக்கொன்று மாறியது. என் டேபிளுக்கு வந்திருந்தால் பாதிக்கு மேல் ரிஜெக்ட்தான்.

தங்கை மங்கிய மாலையைக் கையில் எடுத்துத் தயங்கினாள். "இதுதான்க்கா கனமா இருக்குது. தொட்டா ஜில்லுனு வேற இருக்குது."

"உனக்கென்னடி தெரியும்? நான் தெனமும் இதத்தான பாத்துட்டிருக்கறேன்."

சரி என்று தலையாட்டினாள். மங்கிய மாலையை நானே அம்மாவின் கழுத்தில் போட்டேன். டப்பாவைத் தங்கையிடம் கொடுத்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போடலாம் என்று அவள் எடுத்தபோது கொக்கி கழன்று வந்தது. சரிசெய்ய இரண்டு பேரும் பஸ் ஏறி பெங்களூரு போனோம். முத்துக் கடைக்காரர் மாலையை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு ஒரு முத்தை முன்பல்லில் மெல்லத் தேய்த்தார்.

"வழுக்குதும்மா. நெஜ முத்துன்னா பல்லுல மணல் மாதிரி நறநறன்னு படும்." துளையோரம் நகத்தால் சுரண்டினார். பூச்சு தோலாக உரிந்து, உள்ளே பிளாஸ்டிக் தெரிந்தது. "எல்லாம் ஒரே அளவா இருக்குது பாருங்க. சிப்பிக்குள்ள அச்சா வெச்சிருக்குது? நெஜ முத்து கொஞ்சம் முன்னப்பின்னதான் இருக்கும்."

"வேர்வை பட்டா மங்குமா?" என்று கேட்டேன்.

"நெஜ முத்துதாம்மா மங்கும். இதுக்கு ஒண்ணும் ஆகாது."

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு நிமிஷம், கல்லறையைத் திறக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று யோசித்தேன். அதை எழுதவே கூசுகிறது, ஆனால் யோசித்தேன். அத்திப்பள்ளியில் வண்டி நகராமல் நின்றபோதுதான் தங்கையின் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வந்தது.

"உனக்குன்னு அம்மா குடுத்தத நானே மண்ணுல போட்டுட்டேன்டி. என்னய மன்னிச்சிரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குப் போனது போகட்டும்க்கா. போலின்னு நெனச்சுத்தான அத அம்மா கழுத்துல போட்டோம்? அம்மாவுக்கு அது போதும்னு நானுந்தான தலையாட்டுனேன்."