அரைச் சவரமும் கடலோரப் பாதையும்

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த புதிதில் காஜா பெராங் வட்டாரத்தில் ஒரு முடிவெட்டுக்காரர் இருந்தார். ஒல்லியான ஆள், காதிடுக்கில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். மாலை ஐந்து அடித்தால் போதும், பாதிச் சவரத்தில் இருப்பவரையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்.

அங்கே புதிதாகப் பங்களா கட்டியவர் கடலுக்குப் போகும் பாதையை அடைக்கப் பார்த்தார். தினமும் ஆள் நடக்கும் பாதையை அடைக்க முடியாது என்று நில அலுவலகத்தில் யாரோ முடிவெட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். ஆகவே இவர் நடப்பார். பார்க்க ஒரு சாட்சி வேண்டும்.

ஒருநாள் நான் அகப்பட்டேன். ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு பங்களாக் காவலாளியின் முன் நின்றேன். முடிவெட்டுக்காரர் தண்ணீர் வரை விறுவிறுவென்று போய், கடலை ஏறிட்டும் பார்க்காமல் திரும்பினார்.

“கடல்னா அவ்ளோ பிரியமாண்ணே?”

“சே! உப்புக்காத்தே எனக்கு ஒத்துக்காது தம்பி.”

“பின்ன எதுக்கு இந்தப் பாடு?”

“நான் கடலுக்குப் போகாம இருக்கறது என் இஷ்டமா இருக்கணும்லா. பங்களாக்காரன் இஷ்டமா இருக்கக்கூடாது.”

மறு கன்னத்தை மறுநாள்தான் மழித்தார். எனக்கென்னவோ கோபம் வரவில்லை.

அந்தப் பாதையை இன்றுவரை யாரும் அடைக்கவில்லை. கடலைத்தான் மண் கொட்டித் தூர்த்துவிட்டார்கள்.