மெழுகு ஒட்டிய டின்

மருமகள் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் என் வாய் கசந்தது.

அப்பா இறந்தபின் அம்மாவும் நானும் சாந்தோமில் பெரியப்பா வீட்டில் ஒண்டியிருந்தோம். மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகளைப் பெரியம்மா அடுப்பில் உருக்கி, கந்தல் துணியை அதில் தோய்த்து, கிறிஸ்துமஸ் கலகலா பலகாரத்துக்கென்று மைதா அடைத்த பிஸ்கட் டின்னின் மூடியைச் சுற்றி ஒட்டி, வண்டு இனி எப்படி வரும் என்று விரலால் தட்டிப் பார்ப்பாள். எங்கள் அரிசி திறந்த பானையில்தான் கிடந்தது. வண்டு பொறுக்குவது அம்மாவின் அன்றாட வேலை.

ஒரு வருஷம் பண்டிகைக்கு முன்பு, எல்லோரும் பார்க்க, பெரியம்மாவே கத்தியால் மெழுகுத் துணியை நெம்பி டின்னைத் திறந்தாள். மாவு முழுக்க வண்டு. வெயிலில் காட்டாத மாவோடு சேர்த்து அவளே உள்ளே வைத்து அடைத்த வண்டு. அவள் அம்மாவைத்தான் பார்த்தாள்.

"வண்டுங்கள வூட்டுக்குள்ள வச்சிக்கினு டின்ன மூடி இன்னா பிரயோஜனம்?"

ஒட்டியதிலிருந்து வேறு யார் கையும் படாத மெழுகுத் துணி தரையில் கிடந்தது. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அம்மா குனிந்து எடுத்தாள். அடுத்த வருஷம் உருக்க ஆகும் என்று பெரியம்மாவிடமே கொடுத்தாள்.